நாகா மிளகாய், காந்தாரி விதை முளைக்கவே இல்லை, என்ன செய்யலாம்?

மொட்டைமாடி_சென்னை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் நன்றாக வருகிறது, சாதாரண பச்சை மிளகாயும் வீட்டுத் தேவைக்குக் குறைவில்லாமல் காய்க்கிறது. இந்த முறை நல்ல காரமான ரகங்களை விதையிலிருந்தே வளர்த்துப் பார்க்கலாம் என்று ஆசை. நாகாலாந்தில் வேலை பார்க்கும் நண்பர் கோஹிமா சந்தையில் வாங்கிய நாகா மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்தார். காந்தாரி நாகர்கோவிலில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்து வந்தது. இரண்டிலும் விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, குழித்தட்டில் வெறும் கோகோபீட் (தென்னை நார்த் தூள்) போட்டு விதைத்தேன். பக்கத்து வரிசையிலேயே நாட்டுச் சம்பா மிளகாயும் போட்டேன்.

சம்பா எல்லாம் முளைத்து இரண்டு இலை விட்டு நிற்கிறது. நாகாவும் காந்தாரியும் அசையவே இல்லை. தட்டு மாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே இருக்கிறது, காலையிலும் மாலையிலும் பூவாளியில் தண்ணீர் விடுகிறேன். விதை செத்துவிட்டதா, இன்னும் காத்திருக்கலாமா? புதிதாகப் போடுவதென்றால் ஊற வைக்க வேண்டுமா, எதில்? சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு என்கிறார்கள், சிலர் பஞ்சகவ்யம் என்கிறார்கள், கேட்கக் கேட்கக் குழப்பம்தான் வருகிறது. அப்புறம் முக்கியமான கேள்வி, நாகா மாதிரி மலைப் பக்கத்துச் செடி சென்னை வெயிலில் காய்க்குமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குமண் பதில்:

முதலில் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். சம்பாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் இந்தப் பதற்றம். சம்பா, குண்டு, குண்டூர், குடைமிளகாய் எல்லாமே காப்சிகம் அன்னுவம் என்ற ஒரே இனம், சூடும் ஈரமும் சரியாக அமைந்தால் 7 முதல் 10 நாளில் வெளியே வந்துவிடும். நாகா வேறு இனம், காப்சிகம் சைனென்ஸ். காந்தாரி இன்னொன்று, காப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ். இவை இரண்டு வாரத்தில் முளைத்தால் சீக்கிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 4 வாரம் சாதாரணம், அதற்கு மேலும் சில விதை இழுக்கும். ஒரே பழத்து விதைகள்கூட ஒரே நாளில் முளைக்காது, ஒன்று வந்து பத்து நாள் கழித்து அடுத்தது வரும்.

உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது காலை மாலை தண்ணீர் என்பதுதான். கோகோபீட் மேலே காய்ந்தது போலத் தெரியும், அரை அங்குலம் கீழே நசநசவென்று இருக்கும். சீக்கிரம் முளைக்கிற சம்பா அதில் தப்பித்துவிட்டது, மெதுவாக முளைக்கிற விதைக்கு அத்தனை நாள் சேற்றில் கிடப்பது ஆகாது. குழியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டையாகப் பிடிக்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கசிந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். இனிமேல் மேலிருந்து ஊற்றாமல், தட்டைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விட்டு எடுத்துவிடுங்கள். விதை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய ஓரத்துக் குழியில் ஒரே ஒரு விதையை எடுத்து நகத்தால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்க வாய்ப்பு உண்டு. பிதுங்கிக் கூழானால் அழுகியது. மற்றதைக் கிளறாதீர்கள், முளைவேர் விட ஆரம்பித்திருந்தால் முறிந்துபோகும்.

இரண்டாவது சூடு. முளைப்பதற்கு மண் 25 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். சென்னை மாடியில் நடுப்பகலில் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் குழிக்குள் இருக்கும் சூடு அதைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும், நிழல்வலை வெயிலைத்தான் குறைக்கும், தளத்திலிருந்து வரும் அனலை அல்ல. தட்டை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், ஏசி இல்லாத அறையாக இருக்கட்டும். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை. முளை தெரிந்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

புதிதாகப் போடுவதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்தால் போதும். என்னுடைய பழக்கம் டிஷ்யூ பேப்பர் முறை. பேப்பரை நனைத்து நன்றாகப் பிழிந்து, விதைகளைத் தள்ளித் தள்ளி வைத்து மடித்து, ஜிப் கவரில் போட்டு அலமாரியில் வைப்பேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்து பார்த்து மூடுவேன், காற்றும் மாறிக்கொள்ளும். விதையின் ஓரத்தில் கடுகு பிளந்தது போல ஒரு வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அது 2, 3 மி.மீ. ஆனதும் எடுத்து அரை செ.மீ. ஆழத்தில் வைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் வேர் பேப்பருக்குள் நுழைந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது. கோகோபீட்டோடு பாதிக்குப் பாதி சலித்த மண்புழு உரம், ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் கலந்துகொள்ளுங்கள். நாற்றழுகலுக்கு அதுதான் காவல். நாற்று நன்றாக இருப்பது போல இருந்து, மறுநாள் காலையில் மண்ணோடு ஒட்டிய கழுத்து மட்டும் கறுத்து மெலிந்து படுத்துக் கிடக்கும், வந்தபின் மருந்து கிடையாது.

சென்னையில் காய்க்குமா என்று கேட்டிருந்தீர்கள். காய்க்கும், ஆனால் பருவம் பார்த்துப் போட வேண்டும். மாசி, பங்குனியில் விதைத்தால் செடி பூவுக்கு வரும் நேரம் கோடை உச்சத்தில் இருக்கும். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் மிளகாய்ப் பூ கொட்டிவிடும், அதிலும் சைனென்ஸ் இனம் நிறையவே கொட்டும். ஆனி, ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் பழுக்கும். நீங்கள் சரியான நேரத்தில்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். நாற்று நாலைந்து இலை விட்டதும் சின்னக் கப்பு, ஒரு சாண் உயரம் வந்ததும் பெரிய பை. காந்தாரிக்கு 12 அங்குலப் பை போதும், நாகா அகலமாக விரிகிற செடி, 15 அங்குலம் கொடுங்கள். கோகோபீட் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், உப்பு இருந்தால் நாற்றின் இலை ஓரம் கருகும். ஐப்பசி மழை உங்கள் ஊரில் கொட்டும் என்பதால் பையின் அடித் துளைகளை அதற்கு முன்னாலேயே சரிபார்த்துவிடுங்கள்.

விதைப்பெட்டி பதில்:

கொங்குமண் சொன்னதோடு ஒன்று. அந்த நாகா பழம் முழுச் சிவப்பாக இருந்ததா? சந்தைக்குப் பச்சையும் ஆரஞ்சுமாகப் பாதிப் பழுத்ததையும் கொண்டுவருவார்கள், அதன் விதை முற்றியிருக்காது, எத்தனை ஊற வைத்தாலும் முளைப்பது கடினம். விதைக்கு எடுக்கும் பழம் செடியிலேயே நன்றாகச் சிவந்து, தொட்டால் லேசாகத் துவள வேண்டும்.

பெராக்சைடு எல்லாம் நல்ல புது விதைக்குத் தேவையே இல்லை. பஞ்சகவ்யம் 3 சதவீதக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 30 மி.லி., அரை மணி நேரம் வைத்து எடுக்கலாம், கெடுதல் கிடையாது. அதை வடிகட்டாமல் குழித்தட்டில் ஊற்றிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

குமரிக்காரி பதில்:

காந்தாரி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் காந்தாரியை யாரும் தட்டில் விதைத்துப் பார்த்ததில்லை, அது பறவை போடுகிற செடி. பலா மூட்டில், கிணற்றங்கரையில், வாழைக்கு இடையில் தானாக நிற்கும். பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் கொஞ்ச நாள் வாடி நின்றுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளும். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, பழத்தை முழுசாக விழுங்கும், பல் இல்லாததால் விதை நொறுங்காமல் வெளியே வந்துவிடும். அணிலோ எலியோ கடித்தால் விதை போச்சு. அந்தக் காரம் யாரை விரட்ட, யாரைக் கூப்பிட என்பது இதிலேயே தெரிகிறது. காந்தாரிப் பழம் சின்னதாக, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, சிவந்ததும் லேசாக இழுத்தாலே காம்பை விட்டுக் கழன்று வருவதும் பறவைக்குத் தோதாகத்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, காந்தாரிக்கு முழு வெயில் கொடுக்காதீர்கள். மரத்தடியில் வளர்ந்த செடி அது. காலை வெயில் பட்டு மத்தியானம் நிழல் விழும் மூலையில் வையுங்கள், உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் அப்படி ஓர் இடம் இருக்கும். விதையை அதிகம் உலர்த்த வேண்டாம். சித்தி வீட்டிலிருந்து நாலு பழுத்த காந்தாரி மறுபடி வாங்கி, பிதுக்கி, விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்புப் போகக் கழுவி, அன்றைக்கே விதைத்துப் பாருங்கள். பழைய விதையைவிட இது நன்றாக வரும்.

இன்னொன்று, ஒரு முறை பிடித்துவிட்டால் காந்தாரி ஒரு பருவத்தோடு போகிற செடி இல்லை, வருடக்கணக்கில் நிற்கும். காய்ப்பு ஓய்ந்ததும் பாதிக்குக் கவாத்து செய்து ஒரு கை மண்புழு உரம் போட்டால் மறுபடி தளிர்க்கும். வெள்ளைக் காந்தாரி, பச்சை, ஊதா என்று நிறம் உண்டு. எங்கள் வீட்டில் வெள்ளைக்குத்தான் மதிப்பு. மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு, காந்தாரியும் சின்ன உள்ளியும் கல் உப்பும் அம்மியில் சதைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் வேறு கறி எதுவும் தேட மாட்டீர்கள். சித்தியிடம் கேட்டால் அவரே செய்து தருவார்.

மொட்டைமாடி_சென்னை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தட்டை உள்ளே கொண்டுவந்து தண்ணீரைக் குறைத்த பிறகு நாகா முளைக்க ஆரம்பித்துவிட்டது! எல்லாம் இல்லை, சில குழிகளில். குமரிக்காரி அக்கா சொன்னபடி காந்தாரிப் பழம் மறுபடி கேட்டிருக்கிறேன், சித்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது மூன்று சந்தேகம். ஒரு நாகா முளையில் விதைத்தோல் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு இலை விரியவில்லை, கழற்றலாமா? இரண்டாவது, மாடியில் ஏற்கெனவே இருக்கும் பச்சை மிளகாய்ச் செடிகளில் கொஞ்சம் இலை சுருண்டிருக்கிறது, புது நாற்றைப் பக்கத்தில் வைத்தால் தொற்றுமா? மூன்றாவது அம்மாவின் கேள்வி. குடைமிளகாய்ப் பைக்குப் பக்கத்தில் நாகாவை வைத்தால் குடைமிளகாயும் காரமாகிவிடும் என்கிறார், உண்மையா?

இலைப்பேன்_எதிரி பதில்:

தொப்பியைக் கையால் பிடுங்காதீர்கள், பல நேரம் வித்திலையும் (முளையின் முதல் இலை) சேர்ந்து கிழிந்து வரும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொப்பியின் மேல் வைத்து, ஊறியதும் இன்னொரு சொட்டு. மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள், உள்ளே ஈரம் நிற்கும், பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

இலை சுருள்வதை எல்லோரும் ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தை அடிக்கிறார்கள், மிளகாயில் முக்கால்வாசி இழப்பு இதனால்தான் என்பது என் கருத்து. எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகாகி, இலைக்காம்பு மட்டும் நீண்டு, இலை குறுகி எலிவால் மாதிரி ஆனால் அது சிலந்திப்பேன், கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. நுனி முழுக்கச் சின்ன இலைகளாகக் கொத்தாகி, நரம்புக்கிடையில் மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. ஒரு வெள்ளைத் தாளை நுனித் தளிருக்குக் கீழே பிடித்துச் செடியைத் தட்டுங்கள். தாளில் பழுப்போ வெளிர் மஞ்சளோ ஆன, இமை மயிர் துண்டு அளவுப் பூச்சி ஊர்ந்தால் இலைப்பேன்தான், சந்தேகமே வேண்டாம்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு முறை. நீல நிற ஒட்டும் அட்டை வையுங்கள், மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு. 2021 கடைசியில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களில் பூவுக்குள் புகுந்து அழித்த புது வகை இலைப்பேன் வந்ததிலிருந்து நான் பூவையும் உதறிப் பார்க்கிறேன், இலையோடு நிறுத்துவதில்லை. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும். ஆனால் கொளுத்துகிற வெயில் நாளில் அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் போகும் வரை கந்தகம் கூடவே கூடாது, இலை வெந்துவிடும். வைரஸ் வந்த செடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பிடுங்கிக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். மனசு வராது, ஆனால் ஒன்றை விட்டால் மாடி முழுக்கப் போகும். பழைய செடிகள் சரியாகும் வரை புது நாற்று வேறு மூலையில்தான் இருக்க வேண்டும்.

அம்மாவின் கேள்விக்கு. இந்தப் பருவத்துக் குடைமிளகாய் காரமாகாது. காயின் சதை முழுக்கத் தாய்ச் செடியுடையது, எந்த மகரந்தம் வந்தாலும் அது மாறாது. மாறுவது உள்ளே இருக்கும் விதை. அந்த விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை காரமாக வரலாம். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடிதான், ஆனாலும் தேனீக்கள் கலப்பு செய்துவிடும். சுத்தமான நாகா விதை வேண்டும் என்றால் பூ விரியும் முன் மொட்டை மெல்லிய வலைப் பைக்குள் கட்டி, தினமும் லேசாகத் தட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அந்தக் காயை மட்டும் விதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரொறன்ரோ_தோட்டம் பதில்:

நான் இருப்பது கனடாவில். உங்களுக்கு வெயில் கூடிப்போகிற பிரச்சினை, எங்களுக்கு நேர்மாறு. ஊர்க் கொச்சிக்காய் (மிளகாய்) இல்லாமல் எங்கள் வீட்டில் சம்பல் இல்லை, அதனால் நான் பெப்ரவரியிலேயே வீட்டுக்குள் விதை போட்டுவிடுவேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். விதைத்தட்டுக்குக் கீழே சூடாக்கும் பாய் ஒன்று வைப்பேன், முளைத்ததும் எல்இடி விளக்கு, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம். விளக்கு கன்றுக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால்தான் தண்டு தடிப்பாக வரும். சன்னல் வெளிச்சம் மட்டும் நம்பினால் கன்று மெலிந்து நீண்டு போய்விடும். இங்கே மே மாதக் கடைசி வரைக்கும் வெளியே நட முடியாது, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போனால் கன்று அப்படியே நின்றுவிடும். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று கிட்டத்தட்ட ஒரு கிழமை (ஒரு வாரம்) வெளியே வைத்து எடுத்துப் பழக்கித்தான் நடுவேன். இதைச் செய்யாவிட்டால் இலை வெள்ளையாக வெந்துபோகும். நீங்களும் வீட்டுக்குள்ளிருந்து மாடிக்குக் கொண்டுபோகும்போது இதைச் செய்யுங்கள், சென்னை வெயிலுக்கு இன்னும் அவசியம்.

நாகா மாதிரி நெடுநாள் எடுக்கிற இனத்துக்கு எங்களுடைய கோடை போதாது. அதனால் நான் சாடியிலேயே வளர்த்து, ஒக்டோபர் உறைபனிக்கு முதல் உள்ளே எடுத்து, நன்றாக வெட்டிக் கட்டையாக்கி, குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைக் குறைத்து வைத்திருப்பேன். அடுத்த வருடம் அது விதையிலிருந்து வந்த கன்றைவிடக் கெதியாகப் பூக்கும். உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, சித்திரை வெயிலில் நாகாவை வெட்டிவிட்டு நிழலில் வைத்துக் காப்பாற்றுங்கள், ஆடியில் மறுபடி தளிர்த்துவிடும்.

விதைப்பெட்டி பதில்:

ரொறன்ரோ நண்பர் சொன்னது ரொம்பச் சரி, நாகாவை ஒரு பருவத்தோடு பிடுங்க வேண்டாம்.

இணையத்தில் விதை வாங்கலாமா என்று பிறகு யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். நீல நிற மிளகாய், வானவில் மிளகாய் என்று படம் போட்டு விற்பதை நம்பாதீர்கள். நாகா என்று வாங்கியதில் எனக்கு வளர்ந்து நின்றது வெறும் குடைமிளகாய், அத்தனை மாத உழைப்பு போனதுதான் வருத்தம். பூ வந்ததும் கண்டுபிடித்துவிடலாம். சைனென்ஸில் ஒரே கணுவில் இரண்டு மூன்று பூ வரும், நிறம் சுத்த வெள்ளையாக இல்லாமல் பச்சை கலந்திருக்கும், காம்பு புல்லிவட்டத்தோடு (பூவின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம்) சேரும் இடத்தில் நூல் கட்டியது போல ஓர் இறுக்கம் தெரியும். அன்னுவத்தில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரே வெள்ளைப் பூ.

கொங்குமண் பதில்:

நாகா பழுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டில்லை. 2007-இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது இந்த வகைதான், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10 லட்சத்தைத் தாண்டியது. குண்டூர் மிளகாயெல்லாம் ஆயிரங்களில் நிற்கும். பறிக்கும்போதும் விதை எடுக்கும்போதும் ரப்பர் கையுறை போடுங்கள். காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில், கத்தி பட்டதும் அது தெறிக்கும். கையில் பட்டால் வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, அந்தக் காரப்பொருள் எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. வாயில் எரிந்தால் தயிரோ பாலோ. அடுப்படியில் சன்னலைத் திறக்காமல் இதை வறுக்காதீர்கள், அம்மா அந்தப் பக்கமே வர முடியாது.

ஒரு செடி காய்த்தால் ஒரு குடும்பத்தால் தின்று தீர்க்க முடியாது, மீதியை அப்படியே ஃப்ரீசரில் போட்டுவைத்து, குழம்புக்கு ஒரு சின்னத் துண்டு வெட்டிக்கொள்ளலாம். நூல் கட்டிய விதைப் பழத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஈரத்தோடு உறைந்த விதை பெரும்பாலும் செத்துவிடும், அதை முதலிலேயே எடுத்து நிழலில் உலர்த்திச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே ரகத்தின் பெயரும் மாதமும் எழுதிவிடுங்கள். மூன்று வருடத்துக்குள் விதைத்துவிடுவது நல்லது.